சூரியனுக்கு ஓ.டி.பி.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆம்பூரில் சூரியன் உதிக்கவில்லை.

வெளியே உதித்துவிட்டது. மண்டையைப் பிளந்தது. அதில் யாருக்கும் புகார் இல்லை. பள்ளிக்கூடத்து வான அரங்கத்துக்குள்தான் உதிக்கவில்லை. நூற்றிருபது பிள்ளைகள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த ஆய்வு அதிகாரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். சூரியன் வராததற்குக் காரணம் ஒரு குழு. குழுவுக்குத் தலைவர் பரந்தாமன்.

பரந்தாமன் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஷூ கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் தரம் பார்த்தவர். ஒரு ஜோடியைக் கையில் கொடுத்தால் புரட்டி, வளைத்து, முகர்ந்து, ஒரு குறையாவது சொல்லாமல் திருப்பிக் கொடுத்ததில்லை. சொந்தக் கல்யாணத்தில் மாலையைப் புரட்டிப் பார்த்து, "இந்தப் பக்கம் ரெண்டு பூ கம்மி" என்றவர். மனைவி அம்சவேணி அதை இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம். மாதிரி ஷூ ஒவ்வொன்றோடும் ஒரு தாள் வரும். பார்த்தவர் அதில் குறை எழுத வேண்டும். தாள் வெறுமையாகத் திரும்பினால் ஷூ நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. பார்த்தவர் தூங்கிவிட்டார் என்று அர்த்தம். பரந்தாமன் ஒருநாளும் தூங்கியதில்லை.

காலை ஏழுக்கு உள்ளே போவார். இருட்டிய பிறகு வெளியே வருவார். முப்பத்து நாலு வருஷம் தலைக்கு மேலே ட்யூப் லைட்டைத் தவிர வேறெதையும் அண்ணாந்து பார்த்ததில்லை. ஓய்வு பெற்றதும் திடீரென்று வானம் பார்க்க ஆசை வந்துவிட்டது. ஊருக்கு ஒரு வான அரங்கம் வேண்டும் என்று நாலு வருஷம் மனு போட்டார். கொடுக்காவிட்டால் இந்தக் கிழவன் சாகும்வரை எழுதுவான் என்று பயந்து, மேலிடம் கொடுத்துவிட்டது.

வெள்ளைக் குடை மாதிரி ஒரு கூரை. நடுவில் ஒரு புரொஜெக்டர். அதற்குள் ஒரு விண்வெளி மென்பொருள். பட்டனைத் தட்டினால் பாலாற்று மணலிலிருந்து கிளம்பி நிலாவைச் சுற்றி, சனிக் கிரகம் வரை போய் வரலாம். எழுதியது ஹரிணி. குடியாத்தத்துக் கைலித் தறிக்காரர் வீட்டுப் பெண், பொறியியல் படித்தவள், ஒப்பந்த வேலை.

முதல்நாள் பரந்தாமன் சனியைப் பார்த்தார். வளையத்தின் மேல் ஒரு சுற்று கண்ணை ஓட்டினார். பிசிறு இல்லை. தையல் விலகவில்லை. ஒரே இழுப்பு. ஒரு நிமிஷம் அண்ணாந்தபடியே நின்று, "நல்லா இருக்குது" என்றார். அடுத்த நிமிஷம் பயம் வந்தது. குறை இல்லாத சரக்கை அவர் வாழ்க்கையில் பார்த்ததில்லை.

பின்னால் பெருக்குகிற அம்மா ஹரிணியிடம் ஏதோ கேட்டுக்கொண்டு நின்றார். ஹரிணி தலையாட்டினாள்.

"பெருக்கியாச்சுன்னா கெளம்பும்மா" என்றார் பரந்தாமன். யார் மேலாவது எரிந்து விழ வேண்டியிருந்தது.

மறுவாரம் மகேந்திரன் ஒரு சுற்றறிக்கையோடு வந்தார். வேலூரிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். பதவி, உதவி இயக்குநர், வானம் மற்றும் இதர. சுற்றறிக்கையை எழுந்து நின்று படித்தார்.

"மேற்படி மென்பொருளில் சேர்க்கப்பட வேண்டிய புதிய வசதிகள் குறித்து நாற்பதுக்குக் குறையாத ஆலோசனைகளை உள்ளூர்ப் பயனாளர் குழு வழங்கி, அவை நிறைவேற்றப்பட்டமைக்கான சான்றினை ஆய்வின்போது முன்வைத்தல் வேண்டும். தவறும் பட்சத்தில் மேற்படி கருவி பயன்பாட்டில் இல்லை எனக் கருதி வேறு ஊருக்கு மாற்றப்படும்."

"எந்த ஊருக்கு?" என்றார் பரந்தாமன்.

"சோளிங்கர் கேக்கறாங்க சார்."

பரந்தாமன் சுற்றறிக்கையை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். நாலு வருஷ மனு. ஒரே ஒரு நிமிஷச் சனி.

"சார், நல்லா இருக்குதுன்னு நீங்களே சொன்னீங்களே" என்றாள் ஹரிணி.

"நல்லாதான் இருக்குது. அதான் பேஜார். நல்லா இருக்குதுன்னு நாப்பது தடவ எழுத முடியுமா?"

குழு கூடியது. தலைவர் பரந்தாமன். உறுப்பினர்கள், தலைமை ஆசிரியை கலையரசி, தோல் மண்டி அஸ்பாக் பாய். பாய்க்கு விரலே கண். தோலை விரித்து ஒரு தடவு தடவி, முதல் ரகம், ரெண்டாம் ரகம் என்று பிரித்துப் போடுகிறவர். நிலாவைத் திரை முழுக்கப் பெரிதாகக் காட்டினாள் ஹரிணி. பாய் பக்கத்தில் போய்ப் பார்த்தார். முகம் சுளித்தது.

"தோபாரும்மா, இன்னா இவ்ளோ அம்மை வடு? உண்ணிக் கடி வேற. நாலாவது ரகத்துல கூட தேறாது."

"அது பள்ளம் அங்கிள். விண்கல் உழுந்தது."

"எது உழுந்தாலும் டேமேஜ் டேமேஜ்தான். மேல லேசா தேய்ச்சு உட்டு, பாலிஷ் ஏத்திக் குடு."

முதல் ஆலோசனை பதிவானது. மூன்றாம் நாள் நிலா எவர்சில்வர் தட்டு மாதிரி மின்னியது. பாய் அதில் மீசையைச் சரிபார்த்துக்கொண்டார்.

பரந்தாமனுக்கு ரோஷம் வந்துவிட்டது. தலைவர் சும்மா உட்கார்ந்தால் ஊர் என்ன சொல்லும்? திரையைப் பார்த்தார். பிடித்துவிட்டார்.

"இது ஒத்தை. ஜோடி எங்க?"

"நிலா ஒண்ணுதான் சார்."

"ஒத்தக் கால மட்டும் டப்பால போட்டு அனுப்புனா, ஷூ வாங்கற பையர் இன்னா கேப்பான் தெரியுமா?"

"ரெண்டு நிலா இருந்தா கடல் பொங்கிடும் சார்."

"ஆம்பூர்ல கடல் எங்கம்மா இருக்குது?"

அதற்கு எந்த விஞ்ஞானியிடமும் பதில் இருக்காது. 'கடல் தொடர்பான ஆட்சேபணை, குழுவின் எல்லைக்கு அப்பாற்பட்டதாகையால் தள்ளுபடி செய்யப்படுகிறது' என்று நடவடிக்கைக் குறிப்பில் ஏறியது. இடது நிலா, வலது நிலா என்று இரண்டு வந்தன. இரண்டுக்கும் அளவு சரியாக இருக்கிறதா என்று பரந்தாமன் அடிக்கோல் வைத்துப் பார்த்தார். அரை விரல்கடை வித்தியாசம். திருப்பி அனுப்பினார்.

கலையரசி டீச்சருக்குக் கிரகங்களின் நடத்தை பிடிக்கவில்லை.

"இந்தப் புதன் ஏன் இப்படி அலையுது? வியாழன் ஒரு சுத்து சுத்த பன்னெண்டு வருஷமா? ஒம்பதாவதுல ஒக்காந்துட்ட பசங்க மாதிரி. எல்லாரும் ஒரே சீரா, ஒருத்தர் பின்னாடி ஒருத்தர் வரணும். மணியடிச்சா நிக்கணும்."

கிரகங்கள் வரிசையில் வந்தன. காலையும் மதியமும் வருகைப் பதிவு எடுக்கப்பட்டது. எரிநட்சத்திரங்கள் சொல்லாமல் கொள்ளாமல் ஓடுவதால் தடை செய்யப்பட்டன. வால்நட்சத்திரத்தின் வாலை ஒழுங்காகப் பின்னி ரிப்பன் கட்டச் சொன்னார்கள்.

மகேந்திரன் ஒன்றே ஒன்றைத்தான் மறுத்தார். கருந்துளை. உள்ளே போனது எதுவும் வெளியே வராது, என்ன ஆனது என்றும் யாருக்கும் தெரியாது என்று ஹரிணி விளக்கினாள். அவர் மெதுவாகத் தலையாட்டினார்.

"இதுல கை வெக்காதீங்க. எங்க தபால் பிரிவு இதே மாதிரிதான். நல்லா வேல செய்யுது."

இருபது, இருபத்தைந்து, முப்பத்தெட்டு. பரந்தாமன் இத்தனை சந்தோஷமாக இருந்து பல வருஷம் ஆகிறது. வீட்டில் சாம்பாரைக் கூட ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அம்சவேணி பயந்துபோய் டாக்டரிடம் போகலாமா என்றாள். சனியைத் திரும்ப ஒருமுறை பார்க்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் அவருக்கு வரவில்லை. நேரமில்லை.

முப்பத்தொன்பதாவது ஆலோசனை, குழப்பத்தைத் தவிர்க்கப் பழைய பதிப்பை அழித்துவிட்டுச் சான்று தருவது. ஹரிணி அலுவலகக் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்தாள். சான்று தந்தாள்.

நாற்பதாவதுக்கு எல்லோரும் யோசித்தார்கள். பாய் டீ சொன்னார். டீ வந்தது. மகேந்திரன் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒண்ணு கேக்கறேன். இதுல சூரியன் யாரைக் கேட்டு உதிக்குது?"

பாய் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"தெனமும் உதிக்குது சார்" என்றாள் ஹரிணி.

"அது வழக்கம். நான் உத்தரவைக் கேட்டேன்."

அப்படி வந்ததுதான் சூரியனுக்கு ஓ.டி.பி. பட்டனைத் தட்டினால் உதவி இயக்குநரின் கைபேசிக்கு ஆறு இலக்க எண் போகும். அதைப் போட்டால்தான் உதயம். உதயமில்லாமல் மற்ற எதுவும் திறக்காது. அரசாங்க அனுமதி இல்லாமல் இனி ஒரு கதிர் நுழைய முடியாது. குழு கைதட்டியது. பரந்தாமன் மற்றவர்களைவிடச் சத்தமாகத் தட்டினார்.

வியாழக்கிழமை. ஆய்வு அதிகாரி பிரிசில்லா வந்துவிட்டார். பிள்ளைகள் உட்கார்ந்துவிட்டார்கள். விளக்கை அணைத்தார்கள். ஹரிணி பட்டனைத் தட்டினாள். 'எண்ணை உள்ளிடவும்' என்றது கூரை.

மகேந்திரன் கைபேசியைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. தட்டினார். அணைத்துப் போட்டார். ஒன்றும் வரவில்லை. அவர் முகத்தில் ஒரு யோசனை ஓடியது. அது நல்ல யோசனை இல்லை.

"பதவிக்குப் பதிவாகி இருக்கறது பழைய ஆபீசர் நம்பர். மாத்தச் சொல்லி லெட்டர் போட்டேன். தபால்ல இருக்குது."

"அவருக்குப் போன் போடுங்க" என்று பல்லைக் கடித்தார் பரந்தாமன்.

போட்டார்கள். எடுத்தது வேறு குரல்.

"அவரா? சோளிங்கர் மல மேல சாமி பாக்கப் போயிருக்காரு. கொரங்கு புடுங்கும்னு போன எங்கிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு. நான் கீழ செருப்பு பாத்துக்கறவன்."

"அதுல ஒரு நம்பர் வந்திருக்கும். படிச்சு சொல்லுப்பா."

"போனு பூட்டியிருக்குது சார். அவரு வெரல வெச்சாத்தான் தெறக்கும்."

ஆக, ஆம்பூரின் சூரியன் சோளிங்கர் மலை அடிவாரத்தில், செருப்புகளுக்கு நடுவே கிடந்தது. முப்பத்து நாலு வருஷம் செருப்பும் ஷூவும் பார்த்த மனிதருக்கு இது தேவைதான்.

இருட்டில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. அது நூற்றிருபதுக்கும் பரவியது.

"எவ்வளவு நேரம் ஆகும்?" என்றார் பிரிசில்லா. "இல்லன்னா பயன்பாட்டில் இல்லைன்னு எழுதிடவா?"

பரந்தாமன் வாயைத் திறந்தார். மற்றவர் மேல் சொல்ல அவரிடம் ஒரு குறையும் இல்லை. இருந்த ஒரே குறை அவர்தான்.

அப்போது பின்னாலிருந்து துடைப்பத்தைச் சுவரில் சாய்க்கிற சத்தம் கேட்டது. பெருக்குகிற அம்மா முன்னால் வந்து பரந்தாமன் காதோரம் குனிந்தார்.

"மொத சாம்பிள சீல் பண்ணி வெக்கலியா சார்?"

பரந்தாமனுக்குக் காதில் அறைந்த மாதிரி இருந்தது. கம்பெனியில் முதல் பாடமே அதுதான். முதலில் ஒப்புக்கொண்ட மாதிரியைக் கவரில் போட்டு, தேதி எழுதி, ஒட்டி, யாரும் தொடாமல் வைக்க வேண்டும். அப்புறம் எத்தனை மாற்றினாலும் அது பத்திரமாக இருக்க வேண்டும்.

"பையர் ஏழு தடவ மாத்துவான். கடேசில மொத சாம்பிள்தான் நல்லாருந்துச்சும்பான்" என்றார் அந்த அம்மா. "அதான் மொத நாளே பாப்பாவக் கேட்டு ஒண்ணு வாங்கி வெச்சேன்."

துடைப்பம் வைக்கிற அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். உள்ளே ஒரு பென் டிரைவ். கவரின் வாயில் மூன்று பின் அடித்து, தேதி எழுதிய சீட்டு ஒட்டியிருந்தது. ஹரிணி தலையைக் குனிந்துகொண்டு அதை வாங்கிச் செருகினாள்.

"கம்பெனில நீ எந்த லைன்மா?" என்றார் பரந்தாமன். குரல் இறங்கியிருந்தது.

"உங்களுதுதான் சார். சாம்பிள் ரூமு. பத்தொம்பது வருஷம்."

சூரியன் உதித்தது. யாரையும் கேட்கவில்லை. நிலா வந்தது, ஒற்றையாக, அம்மை வடுவோடு. எரிநட்சத்திரம் ஒன்று சொல்லாமல் ஓடியது. பிள்ளைகள் கத்தினார்கள். கடைசியில் சனி வந்தது. பரந்தாமன் வளையத்தைப் பார்த்தார். அங்கேயேதான் இருந்தது. ஒரே இழுப்பு.

விளக்கு வந்ததும் பிரிசில்லா முகம் மலர்ந்திருந்தது.

"ரொம்ப நல்லாருக்கு. இதுல குழு சொன்ன வசதிகள் எது?"

"எல்லாமே மேடம்" என்றார் மகேந்திரன்.

"அந்த நிலாவோட பள்ளம்? தொட்டுப் பாக்கலாம் போல இருக்கு."

"தோல் ஃபினிஷிங் எங்கிட்ட உட்டாங்க மேடம்" என்றார் பாய்.

"கிரகங்கள் அவங்கவங்க வேகத்துல சுத்தறது?"

"சுதந்திரமா விட்டாத்தான் வளரும் மேடம்" என்றார் கலையரசி டீச்சர்.

"அந்தச் சனி வளையம்?"

பரந்தாமன் உண்மையைச் சொல்லத்தான் நினைத்தார். வாய் வேறு மாதிரி பழகியிருந்தது.

"தையல் நான் பாத்தது" என்றார்.

பிரிசில்லா பேனாவைத் திறந்தார். கருவி ஆம்பூரிலேயே இருக்கலாம். குழுவின் சேவையைப் பாராட்டி அது நிரந்தரக் குழுவாக்கப்படுகிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மேலும் நாற்பது ஆலோசனைகள். ஹரிணி நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

போகிற போக்கில் பிரிசில்லா துடைப்பத்தை எடுத்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

"நீங்களும் சொல்லுங்கம்மா. புதுசா இன்னா வசதி வேணும்?"

"கதவுக்கு ஒரு பூட்டு" என்றார் அந்த அம்மா.

நாற்பத்தோராவது ஆலோசனை. விவாதமில்லாமல் நிறைவேறிய ஒரே ஆலோசனை. அன்று மாலையே பூட்டு வந்துவிட்டது.

மறுவாரம் நிரந்தரக் குழு புது நோட்டோடு வந்தது. கதவு பூட்டியிருந்தது. மகேந்திரன் பூட்டை இழுத்துப் பார்த்தார். பாய் தடவிப் பார்த்து, முதல் ரகம் என்றார். பக்கத்துச் சுவரில் ஒரு அட்டை. 'சாவி வைத்திருப்பவர்' என்று அச்சடித்து, எதிரே நீல மையில் ஒரு பெயர். பத்தொன்பது வருஷம் அந்த அம்மா கொடுத்த சாம்பிள்களில் குறை எழுதிக் கையெழுத்துப் போட்ட பரந்தாமன், அந்தப் பெயரை முதல் தடவையாகப் படித்தார். எழுத்து எழுத்தாகப் பார்த்தார். குறை ஒன்றும் இல்லை.

சவுரியம்மாள்.