தொணை ஆயாவின் கண் வைத்தியம்

புதுச்சேரியில் எங்கள் தொணை ஆயா உட்காராத வெளிப்பெஞ்சு கிடையாது. ஆஸ்பத்திரி, தாலுகா ஆபீஸ், பள்ளிக்கூடம், போலீஸ் ஸ்டேஷன் எதுவானாலும் சரி, நெல்லித்தோப்பில் எங்கள் தெருவிலிருந்து ஒருவர் கிளம்பினால் ஆயாவும் கூடவே கிளம்புவாள். கூப்பிட வேண்டியதில்லை. செருப்பு மாட்டும் சத்தம் கேட்டாலே ஒயர் கூடையோடு எங்கள் வீட்டுக்கு எதிரே தன் வாசலில் தயாராக நிற்பாள்.

"எங்க ஆயா கெளம்பிட்ட?"

"உன்கூடத்தான். தொணைக்கு."

அவளுக்குப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

பஞ்சாலையில் பல வருஷம் நின்றே வேலை பார்த்தவள். எந்த அதிகாரிக்கும் பயப்பட மாட்டாள். ஊரே சார், மேடம் என்று குழையும்போது, அவள் மட்டும் தன் அப்பாவிடம் கற்ற பிரெஞ்சு மரியாதையில் ஆண்களை 'முசே' என்றும் பெண்களை 'மதாம்' என்றும் அழைப்பாள். அதைக் கேட்டதும் அவர்கள் நாற்காலியில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

லாஸ்பேட்டையில் எனக்குக் கல்லூரி இடம் கேட்கப் போனபோதும் வந்தாள். "ஏம்மா தமிழ் எடுக்கற?" என்று முதல்வர் என்னைத்தான் கேட்டார். நான் எச்சில் விழுங்குவதற்குள் ஆயா, "நல்லாப் படிக்கும் முசே. வாய்தான் தொறக்காது. அதான் நான் வந்தேன்" என்றாள். இடம் கிடைத்தது.

மூன்றாம் வீட்டு முருகேசனை மார்பு எக்ஸ்ரே எடுக்க அழைத்துப்போன கதை தெருவில் இன்றைக்கும் ஓடுகிறது. உள்ளேயிருந்து, "மூச்ச இழுத்துப் புடிங்க" என்று குரல் வந்தது. வெளியே உட்கார்ந்திருந்த ஆயாவும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். முருகேசன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஆயா பெஞ்சில் சாய்ந்து கிடந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினார்கள். "மூச்ச வுடச் சொல்லி யாரும் சொல்லலயே" என்றாள்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் மார்பில் ஒரு கட்டி தென்பட்டது. ஊசி குத்தி எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. அம்மாவுக்கு மாரடைப்பு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அப்பா இல்லை. யாரிடமும் சொல்லாமல், சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன். செருப்பில் கால் நுழைவதற்குள் ஆயா வந்துவிட்டாள்.

"எங்கடி, வேலை நாளும் அதுவுமா?"

பொய் சொல்லத்தான் நினைத்தேன். உண்மை வந்துவிட்டது. ஆயா நேராக எங்கள் வீட்டுக்குள் போய் அம்மாவிடம் சொன்னாள்: "ரெண்டு நாளா கண்ணு மறைக்குது. ஆஸ்பத்திரி வரைக்கும் உன் பொண்ண இட்டுனு போறேன்."

"உனக்கே தொணையா?" என்று அம்மா வாயில் கைவைத்தாள்.

ஊசி குத்தும்போது ஆயாவின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். உள்ளே விடவில்லை. கதவுக்கு வெளியே அவள் இருமுவது மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. வேண்டுமென்றேதான் இருமினாள். நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதற்கு.

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். ஆக, ஒரு வாரம் ஆயாவின் கண்ணும் கெட்டிருக்க வேண்டும். பிளாட்பாரக் கடையில் கறுப்புக் கண்ணாடி ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டாள். மளிகைக்கடைக்காரரைத் தபால்காரர் என்றாள். மின்கம்பத்திடம், "சித்த வழி வுடுப்பா" என்றாள். அதைப் பார்த்து அம்மா சிரித்தாள், நெஞ்சு வலிக்குப் பிறகு முதல்முறையாக. தெருவே திரண்டு பொன்னாங்கண்ணியும் முருங்கைக்கீரையும் கேரட்டும் கொண்டுவந்து குவித்தது. ஆயாவுக்குக் கீரை அறவே ஆகாது. கொண்டுவந்தவர்களோ அவள் சாப்பிடும்வரை எழுந்துபோவதாக இல்லை.

"ஏழு நாளா மாடு மாரி மேயறேன்டி, உன்னால" என்று என் காதில் முனகினாள். அந்த வாரம் எனக்குச் சோறு இறங்கியதே அவளைப் பார்த்துத்தான்.

முடிவு வாங்கப் போனோம். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, "வெறும் கொழுப்புக் கட்டிதான். பயப்பட ஒண்ணுமில்ல" என்றார்.

"நல்லாப் பாத்துட்டீங்களா மதாம்?"

"பாத்துட்டேன் பாட்டி."

"இன்னொரு தபா பாருங்க."

அவரும் இன்னொரு முறை பார்த்துச் சொன்னார். வெளியே வந்து ஆயா கண்ணாடியைக் கழற்றினாள். இரண்டு கண்ணும் நிஜமாகவே சிவந்து வீங்கியிருந்தன.

"என்ன ஆயா இது?"

"கீரை ஒத்துக்கல" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று முன்னால் நடந்தாள்.

ஆபரேஷன் இல்லாமலே ஆயாவுக்குப் பார்வை திரும்பிய சேதி தெருவில் பரவியது. கண்புரை வந்த இரண்டு பெரியவர்கள் டாக்டர் பெயர் கேட்டு வந்து நின்றார்கள். "அவரு மாத்தலாயிப் போயிட்டாரு" என்று அனுப்பிவைத்தாள். அம்மாவுக்கு இன்றுவரை உண்மை தெரியாது. இதைப் பத்திரிகையில் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறாள்.

போன ஐப்பசியில், மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்த ஆயா எழுந்திருக்கவில்லை. சென்னையிலிருந்து மகன் வந்து எல்லாம் முறையாகச் செய்தார். அவருக்கு லீவு முடிந்துவிட்டதால், இறப்புச் சான்றிதழ் வாங்கும் பொறுப்பை என்னிடம் விட்டுப் போனார். நகராட்சிக்குத் தனியாகத்தான் போனேன். தெருமுனை தாண்டும்வரை மெதுவாகவே நடந்தேன்.

விண்ணப்பத்தை வாங்கிய ஊழியர் ஒரு கட்டத்தை விரலால் தட்டினார். "இத வுட்டுட்டீங்களே. எறந்தவங்களுக்கு நீங்க என்ன ஒறவு?"

எதிர்வீடு என்று சொல்லியிருக்க வேண்டும்.

"பேத்தி" என்றேன்.

அவர் தலை நிமிராமல் எழுதிக்கொண்டார். அரசாங்கக் காகிதத்தில் அது அப்படியே ஏறியிருக்கிறது. திருத்தச் சொல்லி நான் மனுக் கொடுக்கப்போவதில்லை.