வரமாட்டேன் ஆட்டோ

ஆட்டோவை ஓட்டிப் பிழைக்கிறவர்கள் ஊர் உலகமெல்லாம் இருக்கிறார்கள். ஆட்டோவை நிறுத்தி வைத்து, அதில் ஏறியவரை இறக்கிவிடுவதையே முழுநேரத் தொழிலாகச் செய்கிற மனிதர் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் போகிற சாலையில், செம்பாக்கத்தைத் தாண்டி எங்கள் தெருமுனையில் இருக்கிறார். அவருடைய நிஜப்பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. "வரமாட்டேன் இருக்காரா பாரு", "வரமாட்டேன் டீ குடிக்கப் போயிருக்கார்" என்றுதான் பேசிக்கொள்வோம்.

மற்ற ஆட்டோக்காரர்கள் வரமாட்டேன் என்று சொல்ல ஆயிரம் காரணம் உண்டு. தூரம், டிராஃபிக், சாப்பாட்டு நேரம். இவருக்கு ஒரே காரணம்தான். நான் இந்தத் தெருவுக்குக் குடிவந்து பல வருடம் கழித்து, ஒரு பொங்கலுக்கு முந்தின நாள், பெட்டியோடு போய் நின்றபோது அதைத் தெரிந்துகொண்டேன்.

"தாம்பரம் ஸ்டேஷன் போகணும்."

"குந்து சார். இன்னா, யாரனா வர்றாங்களா?"

"இல்ல, ஊருக்குப் போறேன்."

இன்ஜின் நின்றது. "எந்த ஊருக்கு?"

"சங்கரன்கோவில் பக்கம்."

"இங்க எத்தினி வருசமா கீற?"

"இருபது வருஷம் இருக்கும்."

"எறங்கு."

எனக்குக் கோபம் வந்தது. ஏன் என்று கேட்டேன். அவருக்கு என்னைவிடப் பெரிய கோபம் வந்தது.

"இருவது வருசமா எங்க ஏரித் தண்ணிய குடிச்சிகினு, எங்க காத்த இஸ்துகினு, எங்க ரோட்டுப் பள்ளத்துல வுழுந்து எழுந்துகினு கீற. ஊரு எதுன்னா சங்கரன்கோயிலா? அப்போ இது இன்னா சார், வெய்ட்டிங் ரூமா?"

பெட்டியை அவரே தூக்கித் தரையில் வைத்தார். வேறு வண்டி பிடித்து நான் ஸ்டேஷனை அடைந்தபோது என் ரயில் வண்டலூரைத் தாண்டியிருக்கும்.

அவர் இந்த மண்ணிலேயே பிறந்தவர். நாங்கள் குடியிருக்கிற அடுக்குமாடி வருவதற்கு முன்னால் அங்கே அவருடைய அப்பா கத்தரிக்காய் போட்டிருந்தார். "உன் பெட்ரூமு எங்க கெணறு சார், பாத்துத் தூங்கு" என்று என் மனைவியின் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். ஆனால் நிலம் போனதில் அவருக்கு வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வந்தவர்கள் யாரும் வந்துவிட்டதாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

தேர்தல் வந்தால் வீடு வீடாகச் சண்டைக்குப் போவார். "ரோடு சரியில்லன்னு இங்க அழுவ. ஓட்ட எங்கியோ போய்ப் போடுவ. எவன் சார் உனக்கு ரோடு போடுவான்?" எங்கள் குடியிருப்பில் எல்லாரும் அவரைக் கிறுக்கன் என்றோம். டேங்கர் லாரித் தண்ணீர் உப்புக் கரிக்கிறது, எங்கள் ஊர்த் தண்ணீர் தேன் மாதிரி இருக்கும் என்று யாரோ ஒரு பெண்மணி சொல்லப்போக, அன்றிலிருந்து அந்தப் பெண்மணியைக் கண்டாலே "தேனு போவுது பாரு" என்று வரமாட்டேன் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். பேஜார் பிடித்த மனிதர் என்று குடியிருப்போர் சங்கத்தில் புகார்கூடப் பேசினோம்.

அவரை மகிழ்வித்த ஒரே ஆள், பக்கத்துக் கட்டடத்தில் செங்கல் சுமக்க வந்த ஒடிசாக்காரப் பையன். "எந்த ஊரு தம்பி?" என்று இவர் கேட்டார். அவன் வழி கேட்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லைச் சொன்னான். "மேடவாக்கம்." வரமாட்டேன் அவனை ஆட்டோவில் ஏற்றி, காசு வாங்காமல், அவன் போக விரும்பாத மேடவாக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார்.

அம்மா இறந்தபின் அப்பாவை நான் இங்கே கூட்டிக்கொண்டு வந்தேன். வந்த இரண்டாம் நாளே அவர் தெருமுனைக்கு நடந்துபோய், நின்றிருந்த ஆட்டோவின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிக்க ஆரம்பித்தார். அதன்பிறகு தினமும் காலையில் அதுதான் அவர் இடம். வரமாட்டேனுக்கு அமைந்த ஒரே நிரந்தரப் பயணி, எங்கேயும் போகாத பயணி.

"எங்க ஊர்ல எல்லாம் இந்நேரம்..." என்று அப்பா தொடங்குவார்.

"எறங்கு பெர்சு!"

"பேப்பர முடிச்சிட்டு இறங்குதேன், பொறுடே."

"ஊரு ஊருன்ற. அவ்ளோ நல்ல ஊரு, உன்னிய ஏன் இங்க தொரத்துச்சு?"

"அது தொரத்தல. அங்க பேச ஆளில்லடே."

சண்டை முற்றினால் டீ வரும். டீ முடிந்தால் சண்டை மறுபடி தொடங்கும்.

சென்ற பொங்கலுக்கு அப்பா படுக்கையில் இருந்ததால் நாங்கள் எங்கும் போகவில்லை. விடுமுறை முடிந்து ஜனங்களெல்லாம் சென்னை திரும்பிய நாளில் அவர் போய்விட்டார். கூடுவாஞ்சேரி, பெருங்களத்தூரில் இருக்கிற சொந்தங்கள் மாலையோடு வந்தார்கள். என் சித்தப்பா மகன் முன்னே நின்று, "பெரியப்பாவ நம்ம மண்ணுலதான் சேக்கணும். அநாத மாதிரி இங்க விடக்கூடாது" என்றான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். அப்பாவும் எப்போதோ அப்படிக் கேட்டிருந்தார். ஆம்புலன்ஸ் வந்தது.

வரமாட்டேன் அப்போதுதான் உள்ளே வந்தார். அப்பாவின் முகத்தை நெடுநேரம் பார்த்தார்.

"பெர்ச எங்க சார் இட்டுகினு போற?"

"ஊருக்கு."

நான் அடிக்குத் தயாராகத்தான் அதைச் சொன்னேன். அவர் என்னை விட்டுவிட்டு என் சித்தப்பா மகனிடம் திரும்பினார். "நீதான மண்ணு மண்ணுன்ன? ஏறு வண்டில."

"இல்லண்ணா, இன்னைக்குக் காலைலதான் ஊர்ல இருந்து வந்தோம். மறுபடி லீவு தரமாட்டாங்க. பதினாறாம் நாளுக்கு வந்துருவோம்."

அடுத்தவருக்குக் குழந்தையின் பரீட்சை. இன்னொருவருக்கு இடுப்பு வலி. ஒவ்வொருவராகச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்கள்.

"ஊரு ஊருன்னு கூவுன ஒர்த்தனும் ஏற மாட்டேன்றானே!" என்று வாசலே அதிரக் கத்தினார். ஆட்டோ சாவியை டீக்கடையில் எறிந்துவிட்டு, காக்கிச் சட்டையோடு ஆம்புலன்ஸில் ஏறி அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்துகொண்டார். செங்கல்பட்டைத் தாண்டி அவர் போனதே இல்லை என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நெடுஞ்சாலையில் எதிர்ப்பக்கம் முழுக்க சென்னைக்குத் திரும்பும் வண்டிகள். எங்கள் பக்கம் காலி. "பார் சார், மொத்தமும் எங்க வூட்டாண்டதான் வருது" என்று திட்டிக்கொண்டே வந்தார். விழுப்புரத்துக்குப் பிறகு அப்பாவிடம் மட்டும் ஏதோ முணுமுணுத்தார். அதுவும் திட்டு மாதிரிதான் கேட்டது.

காலையில் ஊருக்குள் நுழைந்தோம். வாசலெல்லாம் பெரிய பெரிய கலர்க் கோலங்கள் அழியாமல் கிடந்தன. தெருவில் கரும்புச் சக்கை. கதவெல்லாம் பூட்டு. முந்தின நாள் வரை திருவிழாவாக இருந்த தெருவில் எங்களை எட்டிப் பார்த்தவர்கள் தடி ஊன்றிய கிழவர்களும் கிழவிகளும்தான். தோள் கொடுக்க ஆள் தேடினோம். கொள்ளிச்சட்டி என் கையில். ஆம்புலன்ஸ் டிரைவர் இரக்கப்பட்டு வந்தார். பக்கத்து ஊரிலிருந்து தபால் கொடுக்க வந்தவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்தவர் பையைக் கழற்றி வைத்தார். நாலாவது ஆள் வரமாட்டேன். என் அப்பாவை அவர் பிறந்த ஊரில் தூக்கிய நாலு பேரில் ஒருவர்கூட அந்த ஊர்க்காரர் இல்லை.

பாதித் தெருவில் வரமாட்டேனால் பொறுக்க முடியவில்லை. பாடையைத் தோளில் வைத்தபடியே பூட்டிய வீடுகளைப் பார்த்துக் கத்தினார்.

"டேய், எவனாவது கீறீங்களாடா உள்ள? பொறந்தவன தூக்க ஆளில்ல, இந்த ஊருக்கு இன்னாத்துக்குடா இத்தினி பூட்டு? அங்க வந்து எங்க ரோட்டுல நிக்கிறீங்களேடா அத்தினி பேரும்! அங்கியும் இல்ல, இங்கியும் இல்ல, எங்கடா கீறீங்க நீங்க?"

எனக்கும் அதே கோபம்தான். ஆனால் என் வீட்டிலும் பூட்டுத் தொங்கியது.

ஒரு மூதாட்டி தூணைப் பிடித்தபடி, "யாருய்யா இந்தச் சத்தம் போடுதது? செத்தவருக்கு நீ என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அவர் வேர்வையைத் தோளிலேயே துடைத்துக்கொண்டு, "என் சவாரி, ஆயா" என்றார்.

திரும்பி வந்தபின் அவர் திருந்திவிட்டார் என்று நினைக்கவேண்டாம். சட்டத்தைத்தான் மாற்றிக்கொண்டார். இப்போது யார் ஊருக்குப் போகிறேன் என்றாலும், "எத்தினி நாளைக்கி? மூணு நாளு துன்னுட்டு ஓடி வர்றதுக்கா? எறங்கு. ஒரு மாசம் வூட்டத் தொறந்து வெச்சிகினு கீறதுனா குந்து" என்கிறார். ஆக, இப்போதும் யாரும் ஏற முடிவதில்லை.

போன வாரம் எங்கள் வாசலில் அவரே வந்து ஹாரன் அடித்தார். நான் அழைக்கவே இல்லை.

"இன்னா சார், கெளம்பு. உன் ஊரு வூட்டுல எலி கீதாம், அன்னிக்கி தூணாண்ட நின்ன ஆயா போன்ல சொல்லுச்சு. ஒண்டியா கீது அது. போய்ப் பாத்துட்டு வா."

இவருக்கு எப்படி அவள் எண் கிடைத்தது என்று கேட்பதற்குள் என் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தார். கேம்ப் ரோடு சிக்னலில் என்னைத் திட்டினார். மேம்பாலத்தில் என் சித்தப்பா மகனைத் திட்டினார். மார்க்கெட் நெரிசலில் சங்கரன்கோவில் தாலுகா முழுவதையும் திட்டினார். நான் பின்சீட்டில், அப்பா உட்காரும் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் இன்னும் கொஞ்சம் தள்ளி இருந்திருக்கலாம்.