நாலு சக்கரத்தில் ஒன்று

மதிப்புக்குரிய மைத்துனர் லின்ட்சே அவர்களுக்கு,

ஸீஹானிலிருந்து வெண்டல் எழுதுவது. நானும் உங்கள் அக்கா மெர்லும் சுகம். நீங்களும் உங்கள் முதுகுவலியும் சுகமென்று நம்புகிறேன். இங்கே பதினோரு நாளாக மழை விடவில்லை. அது உங்கள் குற்றமில்லை. மற்றதெல்லாம் உங்கள் குற்றம்.

மார்ச்சில் நீங்கள் எங்களுக்கு விற்ற சாம்பல் நிறக் காரைப் பற்றித்தான் சொல்கிறேன். "நாலு சக்கரமும் இழுக்கும் அத்தான், பனி கொட்டினாலும் மலை ரோட்டுல ஆடு மாதிரி ஏறும்" என்றீர்கள். நம்பினேன். மெர்லுடைய வலது கண்ணுக்கு மாதம் ஒரு ஊசி, அதற்கு மலை ரோட்டில் பர்னி நகரம் வரை போக வேண்டும், தள்ளிப்போடத் தள்ளிப்போடப் பார்வை குறையும் என்று டாக்டர் சொன்னதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றீர்கள்.

ஏப்ரலிலேயே ஆரம்பித்துவிட்டது. நேர் ரோட்டில் ஒன்றுமில்லை. கடை வாசலில் மெதுவாக வளைத்துத் திருப்பினால் போதும், அடியிலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி திமிறுது, நடுங்குது. பக்கத்து வீட்டு கார்த், முப்பது வருஷம் சுரங்கத்தில் இருந்தவர், பின்சீட்டுக்கு அடியில் காதை வைத்துப் படுத்துக்கொண்டு என்னை ஊரெல்லாம் ஓட்டச் சொன்னார். "சக்கர பேரிங்தான், சந்தேகமே வேணாம்" என்றார். மாற்றினோம். திமிறல் போகலை. ரோஸ்பெரி பட்டறையில் நெவில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, பின்சக்கரங்களைச் சுற்ற வைக்கிற நீளத் தண்டை ஆட்டிப் பார்த்து, "இதோட மூட்டு தேஞ்சிருக்கு" என்றார். அதையும் மாற்றினோம். போகலை. மறுபடி போனால், "அப்போ கியர்பெட்டிதான் போச்சு. பேசாம வேற வண்டி பாருங்க"ன்னு சொல்லிட்டு டீ குடிக்கப் போயிட்டார் மனுஷன்.

ஜூன் மாசம் ஊசிக்குக் கிளம்பினோம். ரோஸ்பெரி தாண்டி ஒரு வளைவில் எண்ணெய் கருகுற வாடை. பயந்துபோய்த் திரும்பிட்டோம். அடுத்த வாரத்துக்குத்தான் நேரம் கொடுத்தார்கள். அந்த ஏழு நாளும் உங்க அக்கா காலையில எழுந்ததும் இடது கண்ணைக் கையால் மூடிக்கிட்டுச் சுவர்க் காலண்டரைப் படிச்சா. நான் பார்க்கலைன்னு நினைச்சா. அந்த வாரம் உங்களை என்னென்ன திட்டினேன்னு இங்கே எழுத முடியாது மச்சான்.

போன வியாழக்கிழமை உருட்டிக்கிட்டே பர்னி போய்ச் சேர்ந்தோம். மெர்லைக் கண் ஆஸ்பத்திரியில் விட்டுட்டு, அந்தத் தெருக்கோடிப் பட்டறைக்குப் போனேன். அங்கே டாம்சின்னு ஒரு பொண்ணு. கதையெல்லாம் கேட்டுட்டு பானெட்டைக்கூடத் திறக்கலை. "ஏற்கெனவே நிறையக் கழட்டிட்டாங்க சார். முதல்ல இது எங்க முரண்டு பிடிக்குதுன்னு பார்ப்போம்"னு சொல்லி, ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சு, காலி இடத்துல எட்டு வட்டம் போட்டா. நடுக்கம் அவளுக்கும் தெரிஞ்சது. அப்புறம் தையல்காரர் மாதிரி ஒரு டேப்பை எடுத்து ஒவ்வொரு டயரையும் சுத்தி அளந்தா. மூணு ஒரே அளவு. பின்பக்கம் இடது டயர் மட்டும் ஒரு அங்குலத்துக்கு மேல பெரிசு.

"மூணும் தேஞ்சது, இது புத்தம் புதுசு. இந்த வண்டியில நாலும் ஒண்ணா சுத்தணும் சார். ஒண்ணு மட்டும் பெரிசா இருந்தா, முன்னையும் பின்னையும் சேர்க்கிற இணைப்பு ஓயாம பஞ்சாயத்து பண்ணியே சூடாயிடும். சூடானா இறுகிப் பிடிச்சுக்கும்."

பழசுல அதே தேய்மானத்துல ஒரு டயரைத் தேடி மாட்டி மறுபடி வட்டம் போட்டா. வெண்ணெய் மாதிரி திரும்புச்சு. "ஒத்த டயரை மட்டும் மாத்தின புத்திசாலி யாரு சார்?"ன்னு கேட்டா.

"என் மச்சான்"னேன். யோசிக்கவே இல்லை.

விற்கும்போது பகட்டுக் காட்ட ஒரு புது டயர் போட்டிருக்கிறீர்கள்! ஆகவே, ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து உங்கள் காரை எடுத்துக்கொண்டு போய்விடுங்கள். காபி கிடைக்காது. அக்காவின் பிறந்தநாளுக்கும் வர வேண்டாம், கேக்கைக் கார்த் சாப்பிடுவார்.

உங்கள் குடும்பத்தில் உங்களைத் தவிர எல்லோரும் நீடூழி வாழ வேண்டுமென்று விரும்பும்,
வெண்டல்.

பின்குறிப்பு: ஒட்டுவதற்கு முன் இதை மெர்லுக்குப் படித்துக் காட்டினேன். "டயர் மாத்தினது அவன் இல்லைங்க, நான்தான்" என்றாள். கார் வந்த முதல் வாரம், நான் மதியம் தூங்கும்போது தனியாக ஸ்ட்ராகன் வரை ஓட்டிப் போனாளாம். நடைபாதை விளிம்பு கண்ணுக்குத் தெரியாமல் ஏறி, டயர் கிழிந்து, அங்கேயே புதுசு மாற்றிக்கொண்டு வந்தாளாம். "ஏன்டி சொல்லலை?" என்றேன். "சொல்லியிருந்தா சாவியை வாங்கி வெச்சிருப்பீங்க" என்றாள்.

வாங்கித்தான் வைத்திருப்பேன், மச்சான்.

நாலு பக்கம் கைவலிக்க எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மேலே இருப்பதை நீங்கள் படிக்காததாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாளுக்குக் கட்டாயம் வாருங்கள். இந்தத் தடவை டாக்டரின் எழுத்துப் பலகையில் இரண்டு வரி கூடுதலாகப் படித்தாளாம், பகலில் ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அவளே ஓட்டப் போகிறாள். நான் இடது பக்கம் உட்கார்ந்து, விளிம்பு எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே வரப் போகிறேன்.