உடும்பு கேட்ட கனவு

போரில் புறமுதுகு காட்டாமல் இருப்பதை ஊரெல்லாம் வீரம் என்பார்கள். சித்தூரில் அது வெறும் முன்ஜாக்கிரதை. அங்கேதான் உடும்பு இருக்கிறார். அவருக்கு முதுகைக் காட்டிவிட்டுக் கழுத்து சுகமாக வீடு திரும்பியவர் இதுவரை ஒருவரும் இல்லை.

சித்தூருக்குப் பக்கத்தில் கங்காதர நெல்லூர்க்காரர். மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்ப்பது வேலை. பெற்றவர்கள் வைத்த பெயர் ஆலையின் வருகைப் பதிவேட்டோடு சரி. சீசன் முடிந்தால் பாய்லர் தூங்கும், உடும்பு விழித்துக்கொள்வார். கிராப்ளிங் என்கிற பிடிச்சண்டையை போனில் வீடியோ பார்த்தே கற்றவர். எதிராளியைத் தூக்கிப் போடுவதிலோ மேலே ஏறி அமுக்குவதிலோ அவருக்கு ஆசையே கிடையாது. பின்னால் போக வேண்டும். இரண்டு குதிகால்களையும் அவன் தொடைகளுக்குள் கொக்கிபோல மாட்ட வேண்டும். ஒரு கை தோளுக்கு மேலாக, ஒரு கை அக்குளுக்குக் கீழாக வளைத்துக் கட்டிக்கொள்ள வேண்டும். அத்தோடு மற்றவர்களுக்குப் பாதிச் சண்டை முடியும். இவருக்கு அப்போதுதான் ஆராய்ச்சி ஆரம்பிக்கும்.

ஆராய்ச்சிக்கு ஒரு கழுத்து வேண்டுமே? அது என்னுடையது.

அப்போது நான் சித்தூரில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். தொப்பையைக் குறைக்கலாம் என்று போய்ச் சேர்ந்தவன். முதல் நாள் என்னை ஒருமுறை சுற்றி வந்து, "உனுக்குக் கய்த்து நல்லா நீட்டமா கீது தம்பி" என்றார். பாராட்டு என்று நினைத்துவிட்டேன்.

மூடிக் கிடந்த ஒரு டியூஷன் சென்டரின் மாடியில், ஞாயிறு காலைகளில் நீலப் பாய்கள் விரிந்திருக்கும். மின்விசிறி சுற்றலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே சுற்றும். ஜன்னலுக்கு வெளியே பாறைக் குன்று ஒன்று வெயிலில் மெல்லக் கரைந்துகொண்டிருக்கும். உடும்பு என் முதுகில் ஒட்டிக்கொண்டு, போனைப் பதிவில் போட்டுவிட்டு, தூக்கத்தில் பேசுகிறவர்போலப் பேசுவார்.

"முழங்கை ரெண்டு வெரக்கட கீய... தம்பி, இப்ப இன்னா தெரிது?"

"உயிர் போவுதுண்ணா!"

"அது எல்லாப் பிடிக்கும் தெரியும்பா. புச்சா இன்னா தெரிது?"

ஆனால் நான் பாயை ஒரு தட்டுத் தட்டினால் போதும், அதே நொடியில் கை விலகிவிடும். அதில் அவர் சத்தியவான். பிடிகளுக்கு மாம்பழப் பெயர்கள் வைத்திருந்தார். தாடை கிளிமூக்குபோலக் கோணிக்கொண்டால் அது பெங்களூரா. வலியே இல்லாமல், கண்ணோரம் மஞ்சள் வெளிச்சம் பரவி, யாரோ தூரத்தில் தாலாட்டுவதுபோலத் தித்திப்பாக மயக்கம் வந்தால் மல்கோவா. மல்கோவாவில் நான் எப்போதும் கொஞ்சம் தாமதமாகத்தான் தட்டுவேன்.

வெளியிலும் அவர் கண்ணுக்கு முகங்கள் தெரியாது. வங்கி வரிசையில் முன்னால் நிற்பவரின் முதுகையே உற்றுப் பார்த்து, "வலப்பக்கம் எடம் கீது" என்று முணுமுணுப்பார். நண்பர் கல்யாணத்தில் உயரமானவர் என்று மாப்பிள்ளைக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள். அந்த ஆல்பத்தில் இன்றைக்கும் மாப்பிள்ளையின் தோள்கள் காதுவரை ஏறியிருக்கின்றன.

ஒருநாள் திருப்பதியில் போட்டி என்று செய்தி வந்தது. புதிதாகத் திறக்கும் ஒரு பயிற்சிக்கூடம் நடத்தியது. ஜெயிப்பவருக்கு அங்கேயே பயிற்சியாளர் வேலை, வருஷம் பூராவும். பாய்லருக்கோ மூன்று மாசம்தான் உயிர். அவர் மனைவி, எனக்கு அண்ணி, பஸ் ஏற்றிவிட வந்தார்.

"ஆராய்ச்சி கீராய்ச்சி ஒண்ணும் வாணாம். புட்சமா, செய்ச்சமா, வந்தமான்னு இருக்கணும்."

உடும்பு பள்ளிப்பிள்ளைபோலத் தலையாட்டினார்.

இறுதிச் சுற்றில் எதிரே நின்றவன் ஏர்பேட்டு விவசாயி. வரப்பில் அறைந்த கல்போல இருந்தான். ஒரே நிமிஷத்தில் உடும்பு அவன் முதுகில் இருந்தார். மல்கோவா விழுந்தது. அவன் பிடிவாதக்காரன், தட்டவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் மயங்கி, கை தொய்ந்து பாயில் விழுந்ததை நான் பார்த்தேன். ரெஃபரி அந்தக் கணம் பார்த்துக் கடிகாரக்காரரிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நொடி அப்படியே பிடித்திருந்தால் ரெஃபரி திரும்பிப் பார்த்திருப்பார். வேலை கையில்.

உடும்பு பிடியை விட்டுவிட்டார். அவனைத் தன் மார்பில் சாய்த்துக்கொண்டு கன்னத்தைத் தட்டினார். ரெஃபரி திரும்பியபோது இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஏர்பேட்டுக்காரன் கண் திறந்து சிரித்தான்.

"நேனெக்கட உன்னா?"

"திருப்பதிலோ. கலலோ ஏம் கனபடிந்தி?" என்று பதறாமல் கேட்டார் உடும்பு. கனவில் என்ன தெரிந்ததாம்!

"மா தோட்ட... வர்ஷம்..."

உடும்பின் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. நான் தொண்டை கிழியக் கத்தினேன். "அண்ணா, கைய போடுண்ணா!"

"இருபா, மய பேஞ்சிக்கினு கீது."

அந்த மழையிலேயே ஏர்பேட்டுக்காரனுக்கு முழு நினைவும் வந்துவிட்டது. புரட்டினான், மேலே ஏறினான், விசில் ஊதும்வரை இறங்கவில்லை. புள்ளிக் கணக்கில் அவன் ஜெயித்தான். வேலையும் அவனுக்கே. பிறகு விஷயம் தெரிந்து, ஞாயிறுதோறும் அவனே சித்தூர் வந்து இவரிடம் பிடி கற்றுக்கொண்டு போகிறான். உடும்பு இன்றைக்கும் பாய்லர்தான் பார்க்கிறார்.

அன்று சாயங்காலம் சித்தூர் தாண்டிப் போகும் வேலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் நான் பொரிந்து தள்ளினேன். "அவன் மயங்கிட்டான்னு ரெஃபரிகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"தூங்கறவன செய்ச்சேன்னு வூட்ல போயி சொல்றதா?" என்றார். டிக்கெட்டை மடித்துக்கொண்டே, மெதுவாக, "இப்ப மட்டும் இன்னா சொல்றதுன்னு தெரில தம்பி" என்றார். இரண்டு பக்கமும் மாந்தோப்புகள் ஓடிக்கொண்டிருந்தன. எப்போது என் தோளில் சாய்ந்தாரோ, தூங்கிப்போயிருந்தார்.

"சித்தூர், சித்தூர், திகண்டி!" என்று இறங்கச் சொன்னார் கண்டக்டர்.

எழுப்பக் கையைத் தூக்கினேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. தூக்கத்தில் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்.

கையை இறக்கிக்கொண்டு, "ரெண்டு வேலூர் குடுங்க சார்" என்றேன்.