விடுபட்ட கால்

உலகத்தில் பிழையே விடாத மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் வெள்ளவத்தையில்தான் இருந்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான கொடுப்பனவுத் தீர்மானங்களைத் ‘தர மீளாய்வு’ செய்யும் நவரத்தினம்தான் அவர். யாருக்குக் கொடுப்பனவு என்று தீர்மானிப்பவர்கள் வேறு அதிகாரிகள். அந்தத் தீர்மானம் ‘தரமாக’ இருக்கிறதா என்று பார்ப்பதே இவர் திருப்பணி. ஆட்களைப் பார்த்தால் மனம் இளகிவிடும் என்பதால் கோப்புகளை மட்டுமே பார்த்தார்.

வீட்டிலும் அப்படித்தான். மனைவி கௌரி காகிதத் துண்டில் ‘கத்தரிகாய்’ என்று எழுதினால், ‘க்’ வந்து சேரும்வரை சந்தைக்குப் போகமாட்டார்.

ஒரு செவ்வாய்க்கிழமை கொட்டாஞ்சேனை ஜாபிர் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். பேலியகொடையில் லொறி ஒன்று பின்னுக்கு வந்ததில் இடது காலை முழங்காலோடு இழந்தவர். கையில் இரண்டு ஊன்றுகோல், பக்கத்தில் மனைவி அஸீஸா. கொடுப்பனவு நின்று மூன்று மாதம்.

“எனத்த சேர் பிழை? இவருக்குக் கால் இல்ல தானே?” என்றாள் அஸீஸா.

“அதில பிழையில்லை, தங்கச்சி. பெயரிலதான் கால் இல்லை.”

கோப்பைத் திருப்பிக் காட்டினார். அடையாள அட்டையில் ‘ஜாபிர்’. மருத்துவச் சான்றிதழின் தமிழ்ப் பிரதியில் ‘ஜபிர்’.

“அந்த ‘ா’, அரவு தானே சேர், உட்டுட்டாங்க,” என்றாள் அஸீஸா.

“அரவெண்டால் பாம்பு. அரச கோப்புக்குள்ள பாம்பு வரலாமே? ‘கால்’ எண்டுதான் எழுதவேணும்.”

ஜாபிர் சிரித்தார். “ஒண்ட லொறி எடுத்துச்சு. மத்தத டொக்டர் எடுத்திட்டாரு போல.”

அந்தச் சிரிப்பு நவரத்தினத்தை எங்கோ தொட்டது. கடன் ஏறி மருந்துக்கடைக்காரரின் முகத்தில் விழிக்க முடியவில்லை என்று அஸீஸா மெல்லச் சொன்னது இன்னும் ஆழமாகத் தொட்டது. பதினெட்டு வருடச் சேவையில் முதல் தடவையாக, திருப்பி அனுப்பாமல் தாமே திருத்தினார். மையை ஊதிக் காயவைத்து, மேல் மீளாய்வுக்குக் குறிப்பும் எழுதினார்: ‘ஜாபிர் அவர்களுக்கு விடுபட்ட கால் இன்று சேர்க்கப்பட்டது. குறை நீங்கியது.’

“இண்டைக்கு ஒரு மனுசனுக்குக் கால் குடுத்தனான்,” என்றார் வீட்டில்.

“நல்லது. கத்தரிக்காய் எங்க?” என்றாள் கௌரி.

மேல் மீளாய்வு கோப்பைப் பார்ப்பதில்லை; குறிப்பை மட்டுமே பார்க்கும். அதனால்தான் அது ‘மேல்’. இரண்டு வாரத்தில் ஜாபிரும் அஸீஸாவும் கடிதத்தோடு வந்து நின்றார்கள்.

‘தங்களுக்குக் கால் சேர்க்கப்பட்டு, குறை நீங்கியுள்ளதால், கொடுப்பனவு நிரந்தரமாக நிறுத்தப்படுகிறது.’

நவரத்தினம் இரண்டு தரம் வாசித்தார். ஒற்று, புள்ளி, கால் எல்லாம் அதனதன் இடத்தில். ‘ஜாபிர்’கூடச் சரி. அடியில் நவரத்தினத்தின் மீளாய்வுக்கு மதிப்பெண்: நூற்றுக்கு நூறு.

“இதில பிழை ஒண்டும் இல்லையே…” என்றார் அவர்.

ஜாபிர் இரண்டு ஊன்றுகோல்களையும் அவர் மேசையில் சாத்தி வைத்துவிட்டு, அஸீஸாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

“அப்ப நீங்க சேத்த காலைத் தாங்க, சேர். கொட்டாஞ்சேனைக்கு நடந்தே போறேன்.”