எல்லைக் கிரகம் எவ்வளவு தூரம்?

அன்புள்ள மைத்துனனுக்கு,

அத்தான் ஆசிகளுடன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அக்காவின் வலது கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறிக்கொண்டிருக்கிறது, இடது கண் வரும் புதன்கிழமைக்காகக் காத்திருக்கிறது. உன் சௌக்கியமும், நீ தொலைக்காட்சிக்கு எழுதும் தொடரில் ஓடுகிற விண்கப்பலின் சௌக்கியமும் அறிய ஆவல். நீ வசமாக மாட்டிக்கொண்டாய் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசி வரை அடக்கி வைக்க என்னால் முடியாது.

நான் அந்தத் தொடரைப் பார்க்கிறவனே இல்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் கொஞ்ச நாளைக்கு டிவி பக்கமே திரும்பக் கூடாது என்று கண் டாக்டர் உன் அக்காவிடம் சொல்லிவிட்டார். அவளோ கண்ணில் மூடியோடு சோபாவில் சாய்ந்துகொண்டு, "நீங்க பாத்து எனக்குச் சொல்லுங்க, என் தம்பி எழுதினதை நான் விட்டுடக் கூடாது" என்றாள். ஆக நான் நேர்முக வர்ணனைக்காரன் ஆனேன். கப்பல் கிளம்புது, கேப்டன் முறைக்கிறாரு, எல்லாரும் இந்தப் பக்கம் சாயறாங்க, இப்ப அந்தப் பக்கம் சாயறாங்க என்று தொண்டை வறளச் சொன்னேன். அப்போதுதான் கவனித்தேன். பஸ் கம்பெனியில் கால அட்டவணை போட்டுப் போட்டே தலை நரைத்தவன் கண்ணில் மண்ணைத் தூவலாம் என்று பார்த்தாயா? தாய்க்கிரகத்திலிருந்து எல்லைக் கிரகத்துக்குப் போக ஆரம்பத்தில் மூன்று வாரம் பிடித்தது, இன்ஜினியருக்குத் தாடியே வளர்ந்துவிட்டது. பிறகு ஒரு நாள் அதே வழியை, சமையல்காரர் அடுப்பில் வைத்த சூப் பொங்குவதற்குள் கடந்துவிட்டார்கள். அடுத்த வாரமே எல்லைக் கிரகத்தில் தீப்பிடித்து அங்கிருப்பவர்கள் உதவி கேட்டால், ரொம்பத் தூரம், போய்ச் சேர முடியாது என்று கேப்டன் கண் கலங்குகிறார். "யோவ், போன வாரம் சூப் பொங்கறதுக்குள்ள போனியே" என்று நான் டிவியைப் பார்த்துக் கத்தியதில் உன் அக்கா பதறி எழுந்து, கண்ணில் இருந்த மூடி கழன்று விழுந்து, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எப்படிக் கழன்றது என்று டாக்டர் கேட்டார். கப்பல் தாமதமானதால் என்றேன். அவர் அவள் கண்ணைப் பார்த்துவிட்டு, என் கண்ணிலும் டார்ச் அடித்துப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்த கையோடு உன் கப்பலுக்கு முறையான அட்டவணை போட்டேன். புறப்பாடு, வருகை, ஓட்டுநர் இளைப்பாறும் நேரம், வால்நட்சத்திர நெரிசலுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், எல்லாம் உண்டு. கூடத்துச் சுவரில் இடம் இல்லாததால், கண்ணாடி உடைந்துபோன எங்கள் கல்யாணப் படத்தின் மேலேயே ஒட்டிவிட்டேன். இப்போது கீழே எங்கள் இருவர் கால்கள் மட்டும் தெரிகின்றன. மாடியில் குடியிருக்கும் பல் டாக்டர் அதைப் பார்த்தார். அவர் உன் பரம ரசிகர். கடைவாய்ப் பல்லைப் பிடுங்க அவரிடம் போயிருந்தபோது, என் வாய்க்குள் பஞ்சும் குழாயும் இருக்கிற நேரமாகப் பார்த்து, "விண்வெளி வளையும் சார். வளைஞ்சா தூரம் சுருங்கிடும். அதான் சீக்கிரம் போறாங்க" என்றார். மறுத்துப் பேசக் கையைத் தூக்கினேன். வலிக்கிறது போலிருக்கிறது என்று இன்னொரு ஊசி போட்டுவிட்டார். விடுவேனா? பஞ்சைத் துப்பிவிட்டு, மரத்துப்போன நாக்கோடு, வாயோரம் ஒழுக ஒழுகக் கேட்டேன்: "வளையும்னா, தீப்பிடிச்ச அன்னைக்கு ஏன் வளையலை?" டாக்டர் இடுக்கியைக் கீழே வைத்தார். "நீங்க சொல்றது சரிதான் சார், பல்லை அடுத்த வாரம் பாத்துக்கலாம்" என்றார். வெளியே காத்திருந்தவர்களில் ஒருவர், வீங்கின கன்னத்தோடு எட்டிப் பார்த்துக் கை தட்டினார். பல் இன்னும் வாய்க்குள்ளேதான் இருக்கிறது, ஆனாலும் ஜெயித்தது நான்.

அப்புறம் உனக்கே போன் போட்டேன். "அத்தான், கதைக்கு வேணும்னா கப்பல் சீக்கிரம் வரும், வேண்டாம்னா லேட்டாகும், அவ்வளவுதான்" என்று சிரித்தாய். அங்கேதான் மாட்டினாய் தம்பி. அக்காவின் முதல் கண்ணுக்கு வரச் சொன்னபோது என்ன சொன்னாய்? "நாலு மணி நேர வழி அத்தான், ஷூட்டிங் நடுவுல எப்படி வர்றது?" சரி. போன மாதம் எங்கள் தெருமுனை அரங்கில் உனக்கு விருது கொடுத்தார்களே, அன்றைக்கும் ஷூட்டிங் இருந்ததே. சாயங்காலம் டாண் என்று வந்து கேடயத்தை வாங்கிக்கொண்டு ராத்திரியே திரும்பிவிட்டாய். அந்த அரங்கின் வாசலில் நின்றால் எங்கள் வீட்டு விளக்கு தெரியும். சாலையும் அதுதான், வண்டியும் அதுதான். விருதுக்குச் சூப் வேகம், அக்காவுக்குத் தாடி வேகம். எந்த வெளியை வளைத்து இதிலிருந்து தப்பிப்பாய் என்று பார்க்கிறேன்.

அவள் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தொடர் ஆரம்பிக்கும்போது மட்டும், "அவன் பேரு வந்துச்சா?" என்பாள். வந்துச்சு என்பேன். "பெருசா போட்டிருக்காங்களா?" என்பாள். கேப்டன் பேரைவிடப் பெருசு என்று புளுகுவேன். எனக்குக் கோபம் வருவது அங்கேதான். ஆகவே இனி உன் கப்பல் நான் போட்ட அட்டவணைப்படி ஒரே வேகத்தில் ஓட வேண்டும். நீயும் புதன்கிழமை காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டும். சாக்குச் சொல்ல இனி உனக்கு வழி இல்லை, எல்லா வழிக்கும் நான் நேரம் குறித்துவிட்டேன்.

நீயும் உன் கப்பலும் குறித்த நேரத்தில் கிளம்பி, குறித்த நேரத்தில் போய்ச் சேர்ந்து, குறைவில்லாமல் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
நேரம் தவறாத உன் அத்தான்.

பி.கு.: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தேன், அழைப்பு மணி அடித்தது. திறந்தால் நீ நிற்கிறாய், சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு. விசாரித்தால், உன் அக்கா காலையில் எனக்குத் தெரியாமல் உனக்குப் போன் செய்து, "புதன்கிழமை இன்னொரு கண்ணு. கொஞ்சம் பயமா இருக்குடா" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவள் பேசின நேரத்தைக் கேட்டேன், நீ வந்த நேரத்தைப் பார்த்தேன், திரும்பத் திரும்பக் கூட்டிக் கழித்தேன். நாலு மணி நேர வழியை அந்த நேரத்தில் கடக்கிற வண்டி என் சர்வீசில் ஓடியதே இல்லை. முணுமுணுத்ததைக் கேட்டு அவள், "அதான் வந்துட்டானே, இன்னும் என்ன கணக்கு?" என்றாள். இப்போது நீ அவள் பக்கத்தில் உட்கார்ந்து அடுத்த வாரக் கதையைச் சொல்லிக்கொண்டிருக்கிறாய், என் வர்ணனை வேலை போயிற்று. இந்தக் கடிதத்தை உன் பைக்குள் வைக்கிறேன், ஊருக்குப் போய்ப் படித்துக்கொள். கப்பலின் வேகத்தில் மட்டும் கை வைக்காதே, அது ஓடுகிறபடியே ஓடட்டும். அட்டவணையைச் சுவரிலிருந்து பிய்த்துவிட்டேன். கூடவே படத்தில் என் முகம் கொஞ்சம் பிய்ந்துவிட்டது. உன் அக்கா முகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.