ஐம்பதாவது ரத்தம்

“இது என் ரத்தமே இல்ல!” என்றாள் ராவ்தா, கணினித் திரையைப் பார்த்து.

“குழாய்ல உங்க கையெழுத்துதானே இருக்கு, டாக்டர்?” என்றான் உடன் வேலை செய்யும் ஸுஹைர்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்கு எதிரே, கடலுக்குள் இருக்கும் கெர்க்கென்னா தீவில் ஒரு குடும்பம். அதில் ஒன்பது பேருக்குக் காய்ச்சலோடு உடம்பெல்லாம் சிவந்து சீழ்க்கொப்புளம் கிளம்பும். தோலில் அழற்சியை மூட்டிவிடும் ஒரு புரதத்தை அடக்கிவைக்க உடம்பில் இன்னொரு புரதம் உண்டு. அதன் மரபணுவில் ஒரே ஓர் எழுத்துப் பிழை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தப் பிழை வந்துவிட்டால் அடக்க ஆளில்லை.

அந்தப் பிழையைக் கண்டுபிடித்தவள் ராவ்தா. தலைநகரிலிருந்து போன மூன்று குழுக்களிடமும் ரத்தம் தராமல் கையை மடக்கிக்கொண்ட குடும்பம், அவளிடம் மட்டும் நீட்டியது.

“எல்லாம் பேசுற விதத்துல இருக்கு” என்று ஸ்ஃபாக்ஸ் நகரம் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

ஒப்பிட்டுப் பார்க்க, தீவோடு சம்பந்தமில்லாத ஐம்பது பேர் தேவைப்பட்டார்கள். நாற்பத்தொன்பது பேரிடம் பிழை இல்லை. குறைந்த ஓர் ஆளுக்குத் தன் ரத்தத்தையே கொடுத்தாள். அதில் அதே பிழை, நோய் வராத அளவுக்கு ஒற்றையாக, உட்கார்ந்திருந்தது.

“ஊர்ல எல்லாருக்கும் இருக்கிற பிழைன்னு மாநாட்டுல சிரிப்பாங்களே!” என்றாள் ராவ்தா.

மறுபடி ரத்தம் எடுத்தாள். அதே பிழை. கலப்படமோ என்று சோதனை மருந்துகளையெல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாக வாங்கினாள். அதே பிழை. ஆய்வகத்தில் கால் வைக்காத ஆள் வேண்டுமென்று தம்பியை இழுத்துவந்தாள். அவனுக்கும் இருந்தது.

“கலப்படம் உங்க வீடு வரைக்கும் வந்துடுச்சு” என்றான் ஸுஹைர். “தீவுல சொந்தக்காரங்க யாராவது…?”

“நாங்க ஏழு தலைமுறையா டவுன்காரங்க. அந்தத் தீவுல எங்களுக்கு ஓர் ஆடுகூடக் கிடையாது!”

தீவுக் குடும்பத்தாரின் குழாய்கள்தான் வேறு யாருடையதோடோ மாறியிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி, மறுநாள் காலைப் படகில் தீவுக்குப் போனாள்.

வாசலில் ஜாசியா அத்தை ஆக்டோபஸைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள். நோயுள்ள ஒன்பது பேரில் மூத்தவள். ராவ்தா தலைகுனிந்து, தன் ரத்தத்தில் வந்த பிழை உட்பட எல்லாவற்றையும் சொன்னாள்.

“மன்னிச்சுக்குங்க அத்தை. எல்லாருக்கும் இன்னொரு தடவை ஊசி போடணும்.”

ஜாசியாவின் முகம் பெருமையில் மலர்ந்தது. உள்ளே திரும்பி, “ஏய், எல்லாரும் வாங்க! நம்ம புள்ள வந்திருக்கா!” என்று கூவினாள்.

பிறகு ராவ்தாவின் கன்னத்தைக் கிள்ளினாள்.

“உங்கம்மாவோட தாத்தா இந்த வீட்டுல பொறந்தவருடி. இல்லேன்னா, நீ பேசின பேச்சுக்கா கையை நீட்டினோம்?”